அந்த 450 எங்கே போனது?

கேள்வி: கணக்கியல் பட்டப்படிப்பில் முதலாண்டு, இரண்டாம் பருவம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். பள்ளியில் கணக்கு நன்றாக வந்ததால் இதில் சேர்ந்தேன். பற்று, வரவு எழுதுவதற்கான மூன்று பொன் விதிகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. பணம் வந்தால் ஏன் 'பற்று' என்பதே எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. சென்ற தேர்வில், சொத்தும் பொறுப்பும் சமமாக வர வேண்டிய இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் 450 அதிகமாக வந்தது. நேரம் முடியப்போகிற பயத்தில், கடனாளிகள் தொகையில் 450-ஐக் குறைத்து எழுதி டேலி ஆக்கிவிட்டேன். அந்தத் தாளில் தேறவில்லை. "இதையெல்லாம் இனி மென்பொருளே செய்துவிடும், வேறு படிப்புக்கு மாறு" என்கிறார் அண்ணன். நண்பர்களோ இப்போதே தொழில்முறைத் தேர்வுக்கும் பதிவு செய்கிறார்கள். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

450-ஐ மாற்றி எழுதியதை நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொல்லிவிட்டீர்கள். தணிக்கைத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன், சில ஆண்டுகள் மாலை வகுப்பில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். என் அனுபவத்தில், இப்படித் தானாக வந்து சொல்கிற ஆள்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். அதனால் லாயக்கு பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கஷ்டம் நீங்கள் படிக்கிற முறையில் இருக்கிறது.

பணம் வந்தால் ஏன் பற்று என்பதிலிருந்து தொடங்குவோம். தமிழில் யோசிக்கிறவருக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு முள் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் வரவு என்றால் வருமானம். வகுப்பில் உட்கார்ந்தால், கையில் பணம் வந்ததைப் 'பற்று' என்கிறார்கள். அன்றாடப் பொருளும் பாடப் பொருளும் முட்டிக்கொள்கின்றன. பலர் இந்த முட்டலைத் தீர்க்காமல், விதியை மனப்பாடம் செய்து தாண்டிவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

வணிகர்களின் கணக்கேடுகள் பெரும்பாலும் ஆட்களின் பேரில்தான் தொடங்கின. யார் நமக்குத் தர வேண்டும், யாருக்கு நாம் தர வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளத்தான் எழுதினார்கள். ஒருவர் நம்மிடமிருந்து சரக்கை எடுத்துப்போனால், அவர் பற்றிக்கொண்டு போனது அவர் பேரில் பற்று. அவர் பணம் கொண்டுவந்து கொடுத்தால், அவரிடமிருந்து வந்தது அவர் பேரில் வரவு. ஆக, பற்றும் வரவும் நம் பக்கத்திலிருந்து சொல்கிற சொற்கள் அல்ல. எந்தக் கணக்கில் எழுதுகிறோமோ அந்தக் கணக்கு பெற்றதா, தந்ததா என்று சொல்கிற சொற்கள். இப்போது பணப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். கடனாளி 5,000 கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி 5,000 பெற்றது, பெட்டியின் பேரில் பற்று; பெற்ற பணத்துக்குப் பெட்டி கணக்குச் சொல்ல வேண்டும். கடனாளி தந்தார், அவர் பேரில் வரவு. டெபிட், கிரெடிட் என்று சொன்னாலும் இதுவேதான்.

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை இதோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் பணம் போட்டதும் "உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது" என்று வருகிறது. அது வங்கியின் ஏடு. வங்கியின் கண்ணில் நீங்கள் தந்தவர், வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. உங்கள் ஏட்டில் அதே நிகழ்வு, வங்கி பெற்றது என்பதால், பற்று. ஒரே பணம் இரண்டு ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்காருகிறது. இது பிடிபட்டுவிட்டால், நம் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற பாடத்தில் பாதி பயம் போய்விடும்.

இனி, கேள்வியை மாற்றிக் கேட்டால் கை நிற்பது ஏன் என்று பார்ப்போம். நீங்கள் கேள்வியைப் படித்ததும் நேராகப் பதிவுக்குப் போகிறீர்கள். 'இது எந்த மாதிரிக் கணக்கு, இதற்கு எந்த விடை' என்று தேடுகிறீர்கள். நடுவில் ஒரு படி விடுபடுகிறது. 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் லூகா பாச்சோலி என்ற துறவி, வெனிஸ் வணிகர்கள் கணக்கு எழுதும் முறையை விளக்கினார். ஒவ்வொரு நிகழ்வையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் எழுதும் இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். அவருக்கு வெகுகாலம் முன்பே இத்தாலிய வணிகர்கள் அதைக் கையாண்டார்கள். அவர் அதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தார். வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார். நீங்கள் படிப்பது அவற்றில் இரண்டை: பதிவுகளை நாள்வரிசையில் எழுதும் குறிப்பேடு, அவற்றைக் கணக்கு வாரியாகப் பிரிக்கும் பேரேடு. அவர் முதலில் வைத்தது வேறோர் ஏடு. நாள் முழுக்க நடந்ததை நடந்த வரிசையில், யார், எவ்வளவு, என்ன பணம், என்ன நிபந்தனை என்று சாதாரணப் பேச்சில் எழுதிவைக்கும் நினைவேடு. வீட்டில் உள்ளவர்களும் அதில் எழுதலாம். அதற்கு விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணக்கர் பிறகு அதிலிருந்துதான் குறிப்பேட்டுக்குப் பதிவை எடுப்பார்.

இன்று அந்த முதல் ஏடு பாடத்திட்டத்தில் இல்லை. கேள்வித்தாளே அதன் இடத்தில் வந்துவிட்டது. நீங்கள் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும், பதிவு போடுவதற்கு முன் ஒரு வரியில் நடந்ததை உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள். டெபிட், கிரெடிட் எதுவும் அந்த வரியில் வரக்கூடாது. யார் எதைப் பெற்றார், யார் தந்தார், எந்தக் காலத்துக்கு என்ற மூன்றும் வந்தால் போதும். முதல் மூன்று வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் பத்துக் கணக்கு போட்ட இடத்தில் நாலுதான் போடுவீர்கள். பரவாயில்லை, நாலே போடுங்கள்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். அக்டோபர் 1-ஆம் தேதி ஓராண்டுக்கான காப்பீட்டுப் பிரீமியம் 12,000 கட்டப்பட்டது. கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. விதியோடு வருகிறவர் 'காப்பீடு செலவு, பற்று 12,000' என்று எழுதி நகர்ந்துவிடுவார். நினைவேட்டில் எழுதிப் பாருங்கள்: "பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கொடுத்தோம். இந்த ஆண்டில் மூன்று மாதப் பாதுகாப்பைத்தான் அனுபவித்தோம். மீதி ஒன்பது மாதம் காப்பீட்டு நிறுவனம் நமக்குத் தர வேண்டியிருக்கிறது." எழுதி முடித்ததுமே விடை தெரிந்துவிட்டது, பார்த்தீர்களா? 3,000 இந்த ஆண்டின் செலவு. 9,000 நமக்கு வர வேண்டிய சேவை, ஆகவே சொத்து. செலவில் 9,000-ஐக் கழிக்க வேண்டும், இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் அதே 9,000-ஐக் காட்ட வேண்டும். இரண்டு இடம். ஆண்டு முடிவில் போடும் சரிக்கட்டுப் பதிவுகள் எல்லாமே இப்படி இரண்டு இடம் கேட்கும். தேய்மானமும் அப்படியே, வாராக்கடனும் அப்படியே. கேள்வித்தாளில் தேதியை மாற்றினாலும், பிரீமியத்தை வாடகையாக மாற்றினாலும் இனி உங்கள் கை நிற்காது.

இப்போது அந்த 450.

நான் பயிற்சியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் இருப்பாய்வு, அதாவது பற்று இருப்புகளும் வரவு இருப்புகளும் சமமா என்று பார்க்கும் பட்டியல், 2,700 இடித்தது. மாலை முழுவதும் கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மூத்தவர் வந்து பார்த்தார். "ஒன்பதால் வகுத்துப் பார், மீதி இல்லாமல் போகிறதா?" என்றார். போனது. "அப்படியானால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம், தேடு." பேரேட்டையும் ரசீதுகளையும் வரிசையாக ஒப்பிட்டதில் 7,410 என்ற ரசீது 4,710 என்று ஏறியிருந்தது கிடைத்தது. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். கையில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு வழி, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது. 225-ஐ எதிர்ப்பக்கத்தில் எழுதிவிட்டால் 450 இடிக்கும். இரண்டும் இல்லையென்றால் அதே தொகை எங்காவது ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

அன்று இருப்பாய்வு டேலி ஆனதும் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. மூத்தவர் பக்கத்தைத் திருப்பிக் கட்டடக் கணக்கைக் காட்டினார். கூரையில் ஓட்டை அடைத்த செலவு முழுவதும் கட்டடத்தின் மதிப்பில் ஏறியிருந்தது. பழுதுபார்த்த செலவு அந்த ஆண்டின் லாபத்தைக் குறைத்திருக்க வேண்டும். அது சொத்தாக மாறி உட்கார்ந்திருந்தது. இருப்பாய்வுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் ஏறியிருந்தது. பாடப் புத்தகம் விதிப்பிழை என்று ஒரு பத்தியில் சொல்லி முடிக்கிற விஷயம் இது. டேலி ஆவது சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஒரு பத்தி எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தைப் பற்றிப் படியுங்கள். மற்றத் தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கட்டிய கட்டணம் அன்றாடச் செலவு. அதை எடுத்துச் சொத்துக் கணக்கில் ஏற்றினார்கள். லாபம் பெருத்துக் காட்டியது. பற்றும் வரவும் கச்சிதமாகச் சமன். அதைக் கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான அந்த நிறுவனத்தின் சொந்த அகத் தணிக்கைப் பிரிவு. 2002 ஜூனில் 380 கோடி டாலருக்கு மேல் இப்படி மாற்றப்பட்டிருப்பதாக நிறுவனமே அறிவித்தது. பிறகு தோண்டத் தோண்டத் தொகை 1,100 கோடி டாலர் அளவுக்குப் போனது. அந்த அறிவிப்புக்கு அடுத்த மாதமே நிறுவனம் திவாலானது. தலைமைச் செயல் அதிகாரி பெர்னார்ட் எப்பர்ஸுக்கு 2005-இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. எனக்கு இதில் அதிகம் உறுத்துவது வேறொன்று. மேலே இருப்பவர்கள் சொன்னதால் அந்தப் பதிவுகளைப் போட்ட நடுமட்டக் கணக்கர்களும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. முதலாண்டுப் பாடத்தில் சொத்தில் சேர்கிற மூலதனச் செலவு எது, அந்த ஆண்டோடு தீர்கிற வருவாயினச் செலவு எது என்று பிரித்துப் படித்தவர்கள்தானே அவர்களும்?

உங்களை அவர்களோடு நான் சேர்க்கவில்லை, தம்பி. பதினெட்டு வயதில், கடைசி ஐந்து நிமிடத்தில், பயத்தில் செய்தது அது. ஆனால் கை எதற்குப் பழகுகிறது என்பதைப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணை வளைப்பதற்குப் பழகக்கூடாது. பாடத்திலேயே இதற்கு நேர்மையான வழி இருக்கிறது: அனாமத்துக் கணக்கு. இருப்பாய்வில் காரணம் தெரியாத வித்தியாசத்தை அதில் வெளிப்படையாக வைத்து, 'இது இன்னும் தீரவில்லை' என்று படிப்பவருக்குச் சொல்லிவிடுகிறோம். காரணம் தெரிந்ததும் அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் சேர்க்கிறோம். தேர்விலும் இப்படித்தான். இருப்புநிலைக் குறிப்பு இடித்தால் இடித்தபடி விட்டு, 'வித்தியாசம் 450' என்று எழுதிவிட்டு எழுந்து வாருங்கள். விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி விட்டிருந்தால் ஒரு தவறுக்குத்தான் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன். சரியாக இருந்த கடனாளிகள் தொகையையும் கெடுத்ததால் இரண்டு இடத்தில் இழந்திருப்பீர்கள். விடைக்கு வந்த வழியைக் காட்டும் செயல்குறிப்புகளை ஒழுங்காக எழுதியிருந்தால் இறுதி விடை தவறினாலும் திருத்துபவர் உங்கள் வழியைப் பின்தொடர முடியும். அவற்றைத் தனித் தாளில் கிறுக்கிவிட்டு அடித்துவிடாதீர்கள்.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது, கூட்டுவது, இருப்புக் கட்டுவது எல்லாம் மென்பொருளிடம் எப்போதோ போய்விட்டன. இது புதிய பயமும் இல்லை. 1979-இல் விசிகால்க் என்ற, தனிக்கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருள் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் தாமாக மாறின. மணிக்கணக்கில் அழித்து அழித்து எழுதிய வேலை நொடியில் முடிந்தது. அதனால் கணக்கர்கள் தேவையற்றுப் போகவில்லை. 'விலையைக் குறைத்தால் என்ன ஆகும், கடன் வாங்கினால் என்ன ஆகும்' என்று கேட்டுப் பார்க்கிற வேலை பெருகியது. இன்றைய மென்பொருள் ரசீதைப் படித்துத் தானே பதிவு போடும். அந்தக் கூரைச் செலவு பழுதா, புதிய கட்டுமானமா என்று அது ஒரு முடிவும் சொல்லும். அந்த முடிவு சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் நடந்தது என்ன என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். பதிவு போட மட்டும் தெரிந்துகொண்டு பட்டம் வாங்கினால் அண்ணன் பயப்படுவது நடக்கும். அதனால்தான் அந்த நினைவேட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தொழில்முறைத் தேர்வுக்கு இப்போது பதிவு செய்ய வேண்டாம். நண்பர்கள் போகட்டும். முதல் தாளே தேறாத நிலையில் இன்னொரு பாடத்திட்டத்தையும் தலையில் ஏற்றினால் இரண்டும் அரைகுறையாகும். அடிப்படை நின்றபின், இரண்டாம் ஆண்டின் முடிவில் யோசியுங்கள். பட்டப்படிப்பில் தேறிய தாள்களுக்குப் பல தொழில்முறை அமைப்புகள் விலக்கு தருகின்றன. எந்தத் தாளுக்கு, எந்த நிபந்தனையில் என்பதை நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் அந்த அமைப்பின் விதியிலேயே பாருங்கள்.

மற்றப் பாடங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடத் தாள் என்று தள்ளிவைக்கிறார்கள். வருமானத்தை எப்போது கணக்கில் எடுக்கலாம் என்று சொல்லும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 15, 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஐந்து படிகளில் முதலாவது, வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, அந்த ஒப்பந்தத்தில் நாம் என்னென்ன செய்து தர ஒப்புக்கொண்டோம் என்று பிரிப்பது. எண் வருவது அதற்குப் பிறகுதான். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாத கணக்கர் வருமானத்தைப் பதிய முடியாது.

விடுமுறையில் நேரம் கிடைத்தால், பங்குச்சந்தையில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, நிகர லாபத்தையும் பணப்பாய்வு அறிக்கையில் இயக்க நடவடிக்கைகளிலிருந்து வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஏன் வேறாக இருக்கின்றன என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தேய்மானம் ஏன் திரும்பக் கூட்டப்படுகிறது, கடனாளிகள் ஏறினால் ஏன் கழிக்கிறார்கள் என்பது வகுப்பில் கேட்பதைவிட அங்கே நன்றாகப் பதியும்.

அதற்கெல்லாம் முன்பு இன்று செய்ய ஒரு வேலை இருக்கிறது. தேறாத தாளின் கேள்வித்தாளைத் தேடி எடுங்கள். சொத்துப் பக்கம் 450 அதிகம் என்றீர்கள், அதாவது பொறுப்புப் பக்கம் 450 குறைவு. இறுதிக் கணக்குகளில் இந்த மாதிரி இடித்தால், சரிக்கட்டும் குறிப்புகளில் ஒன்றுக்கு ஒரு விளைவை மட்டும் எழுதிவிட்டு மறு விளைவை விட்டிருப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 'கொடுபட வேண்டிய கூலி 450' என்றோ, அதைப்போல ஏதாவது செலவோ அடியில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அதைக் கூலியோடு கூட்டி லாபத்தைக் குறைத்திருப்பீர்கள், ஆனால் பொறுப்புப் பக்கத்தில் காட்ட மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் 225-ஐத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் இலக்கம் இடம் மாறிய தொகையைத் தேடுங்கள், 450 ஒன்பதால் வகுபடுகிறது. கிடைத்ததும் அந்த நிகழ்வை ஒரே வரியில், உங்கள் பேச்சில், புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். கிடைக்காவிட்டால் கேள்வித்தாளையும் உங்கள் செயல்குறிப்பையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம்.